கயிற்றின் மற்ற முனை

"வாகை, தம்பி. கூரைக்கு மேல சரிஞ்சு நிக்குது.
வெட்டவேணும். ஆனா விழக்கூடாது" என்றார் அற்புதமலர் ரீச்சர்.
எல்லாரும் இப்படித்தான் கேட்கிறார்கள்.
ஓடு உடையக்கூடாது, வயரில் படக்கூடாது,
கறிவேப்பிலைக் கன்றுக்கு ஒன்றும் ஆகக்கூடாது,
கூலியும் கூடக்கூடாது.
பதினெட்டாயிரம் என்றேன். பதினைந்து என்றார்.
விறகு எனக்கு என்றேன். விறகு தனக்கு என்றார்.
பச்சை வாகை எரியாது, புகையும்.
அதை நான் சொல்லவில்லை.

முத்தையன்கட்டு வலதுகரை. காலை ஆறரை.
மோட்டார்சைக்கிளில் நான், நடுவில் மெசின்வாள்,
வாளுக்குப் பின்னால் தயாநிதி.
ஒட்டுசுட்டானில் ஏறியதிலிருந்து ஒரு சொல் இல்லை.
அதற்கு முதல் இரண்டு நாளும் இல்லை.

இந்த வாள் புதிது. தவணையில் எடுத்தது.
பிணை நிற்க ஓராள் வேண்டும் என்றான் கொம்பனிப் பெடியன்.
அவளுடைய அடையாள அட்டையின் பிரதி என்னிடம் இருந்தது.
பேனையும் இருந்தது.
அவள் தன் பெயரை எப்படி எழுதுவாள் என்று
பதினொரு வருடம் பார்த்த கண்ணும் இருந்தது.

ஏறுகிறேன்.
பாலை சொல்லிவிட்டுத்தான் முறியும்.
முதிரை முறியவே யோசிக்கும்.
வாகையை நம்பேலாது.
நிற்கும், நிற்கும், பிறகு நிற்காது.
தட்டிப் பார்க்கிறேன்:
ஓரிடத்தில் பறைபோல, ஓரிடத்தில் பலகைபோல.
பலகைபோல் கேட்ட இடத்தில் கால்.

கீழே அவள்
அடிமரத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி
குதிக்கால் மண்ணில் புதைய நிற்கிறாள்.
ஒரு இழுப்பென்றால் இறுக்கு. இரண்டென்றால் விடு.
இதற்கு வாய் தேவையில்லை.
ஒரு சண்டையைக் குலைக்காமல்
நாள் முழுக்க நாங்கள் வேலை செய்யலாம்.

மெல்ல விடவேண்டிய கொப்பை மெல்லவே விட்டாள்.
ஓட்டுக்கு ஒரு முழம் மேலே நிறுத்தி
ரீச்சரின் மகன் எட்டிப் பிடித்துத் திருப்பும்வரை வைத்திருந்தாள்.
கோபம் என்னில். கொப்பில் இல்லை.
கயிற்றுக்கு அது தெரிந்திருந்தது.
எனக்குத்தான், அவள் கை மாற்றிப் பிடிக்கும்போதெல்லாம்
வயிற்றுக்குள் ஏதோ நழுவியது.

பெரிய கொப்பு.
கீழிருந்து ஒரு வெட்டு, பிறகு மேலிருந்து.
மேல்வெட்டுப் பாதியில் வாளின் குரல் மாறியது.
பொறி. ஒரு உதை.
செயின் அறுந்து என் தோளுக்குப் பக்கத்தால் போய்
இலைகளுக்குள் விழுந்தது.

"கையோ?"

கீழிருந்து. இரண்டு நாளைக்குப் பிறகு.

"கையில்ல. செயின்."
"செயினெண்டா எவ்வளவு?"
"ஒன்பதாயிரம்."
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றையும் விடவில்லை.

வெட்டுக்குள் உளியை விட்டு நெம்பினேன்.
பெருவிரலளவு இரும்பு.
மரம் அதைச் சுற்றி வளர்ந்து, பட்டை போட்டு மூடியிருந்தது.
மில்காரரிடம் இரும்பு தேடும் கருவி இருக்கிறது,
தடவிப் பார்த்துத்தான் எங்கள் பக்கத்து மரத்தை எடுப்பார்கள்.
எனக்கு இருப்பது காது.
ரீச்சர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது எந்தப் பக்கத்தால வந்ததோ" என்றார்.
வீட்டுக்குள் கொண்டுபோகாமல் மதிலில் வைத்தார்.

மிச்சத்தைக் கைவாளால் அறுத்து இறக்க நாலுமணி.
பதினைந்தை எண்ணி நீட்டினார்.
நான் கை நீட்டினேன்.
"செயினுக்கு ஒரு மூண்டு போடுங்கோ" என்றாள் தயாநிதி.
"உள்ளுக்கு இருந்தது உங்கட வளவு இரும்பு."
ரீச்சர் கொஞ்சநேரம் அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.
பதினெட்டையும் அவளே வாங்கினாள்.

திரும்பும்போதும் நடுவில் வாள்.
சந்தியில் போன் அடித்தது.
என் சட்டைப்பைக்குள் கை விட்டு அவளே எடுத்தாள்.
யாரோ, எங்கேயோ, கிணற்றுக்கு மேல் ஒரு தென்னை.
"ஓம், வருவம். நாங்கள் ரெண்டு பேர்.
ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லுங்கோ விலை."

பிறகு, எனக்கோ வாளுக்கோ தெரியாது:

"என்ர கையெழுத்தில 'த' அப்பிடி வளையாது."